மண்ணுக்குள் ஒரு கம்பி

வாகனம் எதுவாயினும் அதற்கு வீட்டில் ஓர் இடம் வேண்டும். நம் முன்னோர் வில்வண்டி வைத்திருந்த காலத்தில், வீட்டின் பக்கவாட்டில் ஒரு கொட்டகை இருந்தது. வண்டி அங்கே நின்றது. காளைகளும் அங்கேயே நின்றன. இரவில் வைக்கோலும் தண்ணீரும் வைத்துவிட்டால், விடியற்காலையில் அவை பயணத்திற்கு ஆயத்தமாக நிற்கும். பின்னர் மோட்டார் கார் வந்தது. கொட்டகை அப்படியே இருந்தது. ஆனால் அது வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் நிழலாக மட்டுமே எஞ்சியது. தீனி வைக்கும் வேலை பெட்ரோல் நிலையத்திற்குப் போய்விட்டது. இன்று மின்சாரத்தில் ஓடும் கார் வந்ததும், கொட்டகை தன் பழைய கடமைக்கே திரும்பியிருக்கிறது. இரவில் தீனி, பகலில் ஓட்டம். வைக்கோல் போட்ட இடத்தில் இப்போது மின்சாரம் வைக்கிறோம், வேறுபாடு அவ்வளவே.

ஆயினும் அந்த வேறுபாடு சிறிதன்று. வைக்கோல் சிதறிக் கிடந்தால் பெருக்கி அள்ளிவிடலாம். மின்சாரம் சிதறினால் அள்ள முடியாது. வீட்டுக் கொட்டகையில் மின்னேற்றக் கருவியை அமைப்பதும், அதை முறையோடு பேணுவதும் பற்றிச் சில சொற்கள் எழுத நான் துணிவது இக்காரணம் பற்றியே.

இதனை முற்றிலும் புதிய செய்தி என்று எண்ணவேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் மின்கார்கள் மிகுதியாக ஓடின. பெட்ரோல் காரை விற்று உலகப் புகழ் பெற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டே மின்காரைத்தான் ஓட்டினார். வீட்டுக் கொட்டகையில் வைத்து மின்கலத்துக்கு மின்னேற்றும் கருவிகள் அன்றே விற்பனைக்கு வந்திருந்தன. 1912-இல் காடிலாக் காரில் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும் ஏற்பாடு வந்த பிறகு, கைப்பிடியைச் சுழற்றும் தொல்லை நீங்கியது. மின்கார் மெல்ல மறைந்தது. நம் நாட்டில் 2001-இல் பெங்களூரிலிருந்து ரேவா என்ற சிறிய மின்கார் வந்தபோது, வீட்டின் 15 ஆம்பியர் சாக்கெட்டிலேயே அதற்கு மின்னேற்றினார்கள். இன்று எங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே, சில்லாநத்தத்தில், மின்கார் தொழிற்சாலை ஒன்று 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டிருக்கிறது. மறைந்து போனது திரும்பி வந்திருக்கிறது. நம் வாசலுக்கே வந்திருக்கிறது.

எங்கள் ஊர் காயல்பட்டினம். அங்கே என் லாத்தாவின் வீட்டில் இப்படி ஒரு கார் 2024-இல் வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு லாத்தாவின் மகளுக்கு உரியது. அவளுடைய மாப்பிள்ளை தூத்துக்குடியில் வேலை பார்க்கிறார்; நாள்தோறும் போய் வருகிறார். பெட்ரோல் செலவைக் கணக்கிட்டுப் பார்த்து மின்கார் வாங்கினார். நான் வடநாட்டு ஆலை ஒன்றில் மின்பிரிவு மேற்பார்வையாளனாக முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆகவே, "மாமா, கொட்டகைக்குக் கரண்ட் இழுக்கும் வேலையை நீங்கள்தான் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும்" என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார். நானும் மகிழ்வோடு இசைந்தேன்.

இசையாதவர் லாத்தா ஒருவரே.

"தம்பி, காரு வரட்டும். நான் வேணாம்னு சொல்லல்ல. கரண்டை மட்டும் கொட்டகைக்குள்ள கொண்டு வராதே. புள்ளைங்க வெறுங்காலோட ஓடுற இடம்" என்றார்.

மாப்பிள்ளை இதை முதியவர்களுக்கு இயல்பான அச்சம் என்று எண்ணினார். நான் அப்படி எண்ணவில்லை. லாத்தாவுக்கு ஒரு மகன் இருந்தான். 1988-ஆம் ஆண்டு, தன் பதினேழாம் வயதில், பின்கட்டில் இருந்த கிணற்று மோட்டாரைத் தொட்டு நின்ற நிலையில் அவன் இறந்து போனான். தந்தி கிடைத்து நான் ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. அந்த மோட்டாரின் இரும்பு உடலிலிருந்து மண்ணுக்குள் போகவேண்டிய கம்பி ஒன்று உண்டு. அது இணைக்கப்படவில்லை. உள்ளே சுருளின் காப்பு கெட்டு, மின்சாரம் இரும்பு உடலுக்கு வந்திருக்கிறது. மண்ணுக்குப் போக அதற்கு வேறு வழியில்லை. ஈரமணலில் வெறுங்காலோடு வந்து நின்ற பிள்ளை வழியாகப் போயிற்று.

இதனை அறிந்தவர்களுக்கு லாத்தாவின் சொல் வெறும் அச்சமாகத் தோன்றாது. அவர் மின்சாரத்தைப் படித்தவரல்லர். ஆயினும் கொட்டகையைப் பற்றிக் கேட்கவேண்டிய முதற்கேள்வியை அவர்தாம் கேட்டார். ஆறுதல் மொழி சொல்லி அவர் வாயை அடைப்பது எளிது. அது முறையாகாது. அவர் கேள்விக்கு விடையை மண்ணிலும் சுவரிலும் எழுதிக் காட்டவேண்டும் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

முதலில், காருக்கு வேண்டிய மின்சாரம் எவ்வளவு என்பதைப் பார்ப்போம். மாப்பிள்ளை வாங்கிய காரின் மின்கலம் ஏறத்தாழ 30 யூனிட் கொள்ளும். ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும். தூத்துக்குடிக்குப் போய் வர ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆகவே நாளொன்றுக்குப் பத்து யூனிட் போதும். வழியில் சிறிது வீணாகும். அதையும் சேர்த்துப் பதினொன்று என்று வைத்துக்கொள்வோம்.

மின்னேற்றும் முறை வீட்டில் இருவகைப்படும். காரோடு தரும் கையடக்கக் கருவியை 15 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால், மணிக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் ஏறும். சுவரில் பொருத்தும் பெரிய பெட்டி 32 ஆம்பியர் இழுத்து மணிக்கு ஏழு யூனிட் ஏற்றும். மாப்பிள்ளைக்குப் பெரிய பெட்டியின் மேல்தான் ஆசை. அதன் வேகமும், அதில் எரியும் பச்சை விளக்கும் அவர் மனத்தைக் கவர்ந்திருந்தன.

"மாப்பிள்ளை, இரவு பத்து மணிக்குக் கார் கொட்டகையில் நின்றால், ஸுப்ஹு தொழுகைக்கு எழும்வரை அதற்கு வேறு வேலை உண்டோ?" என்று கேட்டேன்.

"இல்லை, மாமா."

"ஏழு மணி நேரம் இருக்கிறது. சிறிய கருவிக்கு நான்கு மணி நேரம் போதும். மிச்சமாகும் பணத்தை மண்ணுக்குள் போடுவோம்" என்றேன்.

அவர் சிரித்தார், ஆனால் கணக்கை மறுக்கவில்லை.

இங்கே ஒரு செய்தியை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். சுவரில் தொங்கும் பெட்டியை நாம் மின்னேற்றி என்று அழைக்கிறோம். உண்மையில் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி மின்கலத்துக்குள் செலுத்தும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் இருப்பது அறிவுடைய ஒரு சுவிட்சு, அவ்வளவே. வயர்மேன்கள் 'கன்' என்று சொல்லும் கைப்பிடியைக் காரில் செருகியதும், பெட்டியும் காரும் மெல்லிய ஒரு கம்பி வழியாகத் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும். 'நான் சேர்ந்துவிட்டேன், எர்த் சரியாக இருக்கிறது, இவ்வளவு ஆம்பியர் தரலாம்' என்பன போன்ற செய்திகள் அவை. அந்தப் பேச்சு முடிந்த பிறகே மின்சாரம் வரும். செருகாமல் தொங்கும் கைப்பிடியில் வீட்டு மின்சாரம் இராது. கைப்பிடிக்குள் எர்த் முனைதான் முதலில் சேரும். கழற்றும்போது கடைசியில்தான் பிரியும். இவ்வளவு காவல்களைக் கருவி செய்தவர்கள் வைத்திருக்கிறார்கள். அந்தக் காவல்கள் அனைத்தும் நம்பியிருப்பதோ, நம் வீட்டுக் கம்பியையும் நம் வீட்டு மண்ணையுமே. இவை சரியில்லையேல் பெட்டியின் அறிவு முழுப்பயன் தராது.

வயர்மேன் வந்தார். நல்ல உழைப்பாளி. "பக்கத்து அறையில் ஏ.சி.க்கு ஒரு பாயிண்ட் இருக்கிறது, காக்கா. அதிலிருந்து ஒரு வயரை வெளியே இழுத்தால் அரைநாள் வேலை" என்றார். பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. இது ஏன் கூடாது என்பதை அவருக்குக் கணக்குப் போட்டே காட்டினேன்.

தேய்ப்புப் பெட்டி அரைமணி நேரம் மின்சாரம் இழுக்கும். தண்ணீர் சூடாக்கும் கருவி இருபது நிமிடம் இழுக்கும். கார் அப்படியன்று. மின்கலம் முழுவதும் காலியாகியிருந்தால், ஒன்பது பத்து மணி நேரம் ஓய்வின்றி ஒரே அளவில் இழுத்துக்கொண்டிருக்கும். கம்பியில் உண்டாகும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். எங்கள் வீட்டில் மீட்டரிலிருந்து கொட்டகை வரை 20 மீட்டர். போகவும் வரவும் 40 மீட்டர் கம்பி. வீடுகளில் வழக்கமாகப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 32 ஆம்பியர் ஓடினால், கம்பியிலேயே ஏறத்தாழ 300 வாட் வெப்பமாக வீணாகும். அந்தக் கம்பி தாங்கும் அளவையும் அது மீறியதாகும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் அதே வெப்பம் 125 வாட்டாகக் குறையும். எங்களுக்கு வேண்டிய 15 ஆம்பியருக்கு முப்பது வாட்டைக்கூட எட்டாது. ஆகவே கருவி சிறியதாயினும் கம்பியைப் பெரியதாகவே போட்டோம். நாளை மாப்பிள்ளை பெரிய பெட்டி வாங்கினாலும் சுவரை உடைக்கவேண்டியதில்லை. மீட்டர் பக்கத்துக் காவல் சுவிட்சுகளை மட்டும் அதற்கேற்ப மாற்றினால் போதும்.

கம்பி மீட்டர் பலகையிலிருந்து தனியாகப் புறப்பட்டுக் கொட்டகை வரை தனியாகவே வந்தது. நடுவில் ஒரு விளக்குகூட அதில் சேர்க்கப்படவில்லை. மும்முனை இணைப்பு உள்ள வீடாதலால், ஏ.சி.யும் மோட்டாரும் இல்லாத முனையில் அதைக் கொடுத்தோம். 2022 ஜனவரியில் ஒன்றிய மின் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வீட்டில் ஏற்கெனவே உள்ள இணைப்பிலிருந்தே சொந்தக் காருக்கு மின்னேற்றிக்கொள்ளலாம் என்று கூறின. ஆயினும் வீட்டுக்கு ஒப்பளிக்கப்பட்ட மின்சுமைக்குள் அது அடங்கவேண்டும் அன்றோ? கூட்டிப் பார்த்ததில் எங்கள் வீட்டுச் சுமை அந்த அளவைத் தாண்டியது. முறையாக விண்ணப்பித்து அளவை உயர்த்திக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கினோம்.

இனி மண்ணுக்கு வருவோம். லாத்தாவின் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

எர்த் என்பது கருவியின் உலோக உடலை மண்ணோடு இணைக்கும் கம்பி. நன்றாக ஓடும் காலத்தில் அதற்கு வேலையே கிடையாது. ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கும். அதனாலேயே அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். காப்பு கெட்டு மின்சாரம் வழிதவறும் அந்த ஒரு நொடியில், மனித உடலைவிட எளிதான வழியை அதற்குக் காட்டுவதே அக்கம்பியின் கடமை.

வீட்டில் பழைய எர்த் ஒன்று இருந்தது. சோதனைக் கருவி வைத்து அளந்தோம்; 60 ஓமுக்கு மேல் காட்டியது. எங்கள் ஊர் கடற்கரை மணல். மேல்மணல் காய்ந்துவிட்டால் மின்சாரத்துக்கு வழி விடாது. உப்புக்காற்றோ புதைத்த இரும்புக் குழாயைத் தின்றுவிடுகிறது. 60 ஓம் என்றால் பொருள் என்ன? 230 வோல்ட் அதன் வழியே மண்ணுக்குப் போகும்போது நான்கு ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும். காவலுக்கு வைத்த எம்.சி.பி.யோ 20 ஆம்பியருக்கு மேல் ஓடினால்தான் விழும். ஆகவே அது விழாது. உலோக உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். தொடுகிறவர் கதி என்ன என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கொட்டகைக்குப் பின்னால் இரண்டு குழிகள் தோண்டினோம். ஈரமணல் கிடைக்கும் ஆழம் வரை செம்புப் பூச்சுள்ள தண்டுகளை இறக்கி, நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் களிமண் கலவையைச் சுற்றிலும் நிரப்பி, இரண்டையும் தடித்த பட்டையால் இணைத்தோம். மேலே மூடி வைத்த சிறு தொட்டி. கோடையில் தண்ணீர் ஊற்றவும், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்து அளக்கவும் அது வேண்டும். மறுபடி அளந்தபோது 3 ஓம் காட்டியது. இரண்டு நாள் வேலை அது. இறுதிக் கணக்குப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியும் சாக்கெட்டுக்கும் சுவிட்சுக்கும் ஆனதைவிட, மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் மறைந்து போனதற்கே செலவு மிகுதி. மாப்பிள்ளை அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அது அவருடைய நற்குணம்.

எர்த் மட்டும் போதாது. ஆர்.சி.சி.பி. என்று ஒரு கருவி உண்டு. போகும் கம்பியில் எவ்வளவு மின்சாரம் போகிறதோ, அவ்வளவும் வரும் கம்பியில் திரும்பி வருகிறதா என்பதை அது ஓயாமல் எடை போட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு குறைந்தாலும், 'யாரோ ஒருவர் வழியாக இது வெளியே போகிறது' என்று கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். எம்.சி.பி. கம்பியைக் காக்கும், ஆர்.சி.சி.பி. உயிரைக் காக்கும். இரண்டும் வேண்டும். மின்காருக்கு வைப்பதில் 'ஏ' வகையையேனும் வைக்கவேண்டும். காருக்குள் இருக்கும் கருவியிலிருந்து நேர்மின்சாரம் சிறிது கசிந்தால், பழைய வகைக் கருவி மயங்கிப்போய் வேலை செய்யாது நின்றுவிடக்கூடும். 'ஏ' வகையோடு 6 மில்லி ஆம்பியர் நேர்மின்சாரக் கசிவைக் கண்டறியும் ஏற்பாடு மின்னேற்றும் கருவிக்குள் இருக்கிறதா என்பதையும் வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். அது இல்லாவிடில் 'பி' வகை வேண்டும்.

வேலை முடிந்த மாலையில் லாத்தாவை அழைத்து வந்து, அந்தச் சிறிய கருவியையும் அதில் உள்ள சோதனைப் பொத்தானையும் காட்டினேன். "அழுத்துங்கள், லாத்தா" என்றேன். தயங்கித் தயங்கி அழுத்தினார். டக்கென்ற ஒலியோடு கொட்டகையின் மின்சாரம் நின்றது.

சற்று நேரம் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னைக்கு நம்ம வீட்டுல இது இருந்துச்சா, தம்பி?" என்று கேட்டார்.

"இல்லை, லாத்தா. அப்போது நம் ஊர் வீடுகளில் யாரும் இதை வைத்ததில்லை."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் வேறு எதுவும் சொல்லவில்லை. சற்றுக் கழித்து, "கிணத்து மோட்டாருக்கும் இதே மாதிரி ஒண்ணு போடச் சொல்லு. அதுக்கும் மண்ணுக்குள்ள கம்பி விடு" என்றார். அவ்வாறே செய்தோம். கார் வந்த காரணத்தால் முழு வீட்டுக்கும் காவல் வந்தது. அந்தப் பொத்தானை மாதந்தோறும் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். இல்லையேல் உள்ளே இருக்கும் பொறி உப்புக்காற்றில் இறுகிவிடக்கூடும். அந்தப் பொறுப்பை லாத்தா தாமே ஏற்றுக்கொண்டார். பிறை ஒன்று பிறந்தால் மறுநாள் காலை அவருடைய முதல் வேலை அதுதான்.

அடுத்தது உயரம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் எங்கள் ஊரில் பெய்த மழையை யாரும் மறக்கமாட்டார்கள். 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. பல ஊர்களில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை அது. எங்கள் கொட்டகைச் சுவரில் இரண்டரை அடி உயரத்தில் அன்றைய வெள்ளத்தின் கறை இன்றும் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கறையை அழிக்கவேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். சாக்கெட்டும் கருவியும் அதற்கு வெகு மேலே, ஐந்தடி உயரத்தில் இருக்கின்றன. மின்சாரத்தை முற்றிலும் நிறுத்தும் சுவிட்சு கொட்டகையில் இல்லை. வீட்டுத் திண்ணையில், காலில் நீர் படாமல் எட்டக்கூடிய இடத்தில் இருக்கிறது. சில கருவிகளின் மேல் ஐ.பி. 65 என்று எழுதியிருப்பார்கள். முதல் எண் தூசியையும் இரண்டாம் எண் நீரையும் குறிக்கும். 65 என்றால் பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்கும் என்பதே பொருள். வெள்ளத்தில் மூழ்கினால் தாங்கும் என்று பொருளன்று.

கார் வெள்ளத்தில், அதிலும் உப்புநீரில், மூழ்கி எழுந்தால் அதைக் கொட்டகையில் விட்டு மின்னேற்ற முனையலாகாது. 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயான் புயலின்போது கடல்நீர் புகுந்த மின்கார்களிற் சில, வெள்ளம் வடிந்த பல நாள் கழித்துத் தீப்பிடித்தன. அத்தகைய காரை வீட்டை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்தி, செய்தவர்களுக்குத் தெரிவிப்பதே தக்கது. மழை எச்சரிக்கை வந்த உடனே மேடான இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது அதனினும் தக்கது.

அமைத்தாயிற்று; இனிப் பேணும் முறை. அமைப்பது இரண்டு மூன்று நாள் வேலை. பேணுவது ஆயுள் முழுதும் உள்ள வேலை. கருவியின் கேபிளை அகன்ற வளையங்களாகச் சுற்றி, சுவரில் அடித்த வளைந்த மரத்தாங்கியில் தொங்கவிடுகிறோம். ஆணியில் மாட்டினால் மடிந்து உள்ளே கம்பி முறியும். மின்னேற்றும்போது முழுக் கேபிளையும் அவிழ்த்துத் தளர விடவேண்டும். இறுக்கிச் சுற்றிய சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியின்றிக் கூடிக்கொண்டே போகும். கருவிப் பெட்டியின் எடை சாக்கெட்டில் தொங்கலாகாது. அதற்குத் தனித் தாங்கி வேண்டும். நீட்டிப்புக் கம்பியை எக்காலத்தும் நடுவில் சேர்க்கலாகாது.

கைப்பிடியைத் தரையில் போடலாகாது. மணலும் எறும்பும் பல்லியும் அதற்குள் புகும். மூடியை மாட்டி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைக்கிறோம். உலர்ந்த துணியால் துடைப்போமேயன்றி நீர் தெளித்துக் கழுவுவதில்லை. எலி கடித்த தடம் கேபிளில் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை கண்ணால் பார்க்கிறோம். மின்னேற்றத் தொடங்கி ஒரு மணி கழித்து, பிளக்கின் மேற்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறோம். இளஞ்சூடு இயல்பு, கை பொறுக்காத சூடு என்றால் உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது என்று பொருள். உப்புக்காற்று வீசும் ஊர்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வயர்மேனைக்கொண்டு அத்திருகுகளை இறுக்கவேண்டும். கொட்டகையில் முன்பு கிடந்த மண்ணெண்ணெய்த் தகரம், பெயிண்ட் டப்பா, பழைய சாக்கு ஆகியவற்றை அப்புறப்படுத்திவிட்டோம். மின்னேற்றும் இடத்தில் எரியும் பொருள் இருக்கலாகாது.

நம் குடும்பங்கள் பலவற்றில் ஆண்கள் வெளிநாட்டில் வாழ்கிறார்கள். கார் மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். அத்தகையோர் மின்கலத்தை நிறைத்து வைத்துவிட்டுப் போகவேண்டாம், காலியாகவும் விடவேண்டாம். பாதியளவில் வைப்பது பொதுவாக நல்லது. சரியான அளவைக் காரின் கையேடு கூறும். கருவியைக் கழற்றித் துடைத்து, துணிப்பையில் இட்டு, வீட்டுக்குள் உலர்ந்த அலமாரியில் வைக்கவேண்டும். திண்ணைச் சுவிட்சையும் நிறுத்திவிடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சுவிட்சு எங்கே இருக்கிறது, எப்போது நிறுத்தவேண்டும் என்பதை வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். ஆபத்து வரும் வேளையில் வீட்டில் இருப்பவர்கள் அவர்களே. கருவியை வாங்கியவருக்கு மட்டும் தெரிந்த காவல், காவலாகாது.

புதிய பொருள் ஒன்று வீட்டுக்கு வரும்போது, நாம் அதன் விலையைப் பேசுகிறோம்; வேகத்தையும் நிறத்தையும் பேசுகிறோம். அதை அச்சத்தோடு பார்க்கும் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார். அவரைக் காலத்தோடு ஒட்டாதவர் என்று ஒதுக்கிவிடுவது நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அவருடைய அச்சத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கலாம். சில வேளை ஓர் உயிரே இருக்கலாம். அவர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினால், அந்த வேலை செம்மையாக முடியும். மின்காருக்கு வீட்டில் இடம் செய்யப்போகிறவர்கள் முதலில் பெட்டியின் விலையைக் கேட்கவேண்டாம். மண்ணுக்குள் போகும் கம்பியை அளந்து பாருங்கள். அளந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, மீட்டர் பலகைக்குள் ஒட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் மறுபடியும் அளந்து, அதன் கீழே எழுதுங்கள்.